இன்ஸ்டால் அடிக்கும் முன்: கள்ளப் பேக்கேஜ்களை வாசலிலேயே நிறுத்துவது எப்படி

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிப் பொதுவில் வைத்த கோடுக் கட்டுகளை, இறக்கித் தரும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளையை அடித்து என்டர் தட்டியதும் கோப்புகள் இறங்குகின்றன. இறங்கிய பேக்கேஜில் ‘போஸ்ட்இன்ஸ்டால்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த வரி காட்டும் புரோகிராமும் அந்த நொடியே உங்கள் பெயரில் ஓடிவிடும். எஸ்எஸ்ஹெச் சாவி, ஏடபிள்யூஎஸ் கீ, கிட்ஹப் டோக்கன், ரகசியங்களை எழுதி வைக்கும் ‘.என்வ்’ கோப்பு என்று உங்களால் படிக்க முடிகிற எதையும் அதனாலும் படிக்க முடியும். யாரிடமும் அனுமதி கேட்காது. நீங்கள் கேட்டு வாங்கிய பத்து பேக்கேஜ்களுக்கு மட்டுமல்ல, அவை பின்னால் இழுத்துவரும் நூற்றுக்கணக்கானவற்றுக்கும் இதே உரிமை உண்டு.

பெருங்குடி, தரமணி, சிறுசேரி பக்கம் ஐந்து முதல் முப்பது பேர் வரை வேலை பார்க்கும் டீம்களுக்கான குறிப்புகள் இவை. தனியாக செக்யூரிட்டி ஆள் இருக்கமாட்டார். ஆனால் வெளிநாட்டு கிளையன்டின் சோர்ஸ் கோடும் கிளவுட் கணக்கும் கையில் இருக்கும். திருட வருகிறவனுக்கு வேண்டியதும் அவைதான்.

எந்த வழியாக வருகிறது

பழைய வழி, பெயரில் ஏமாற்றுவது. 2017-ல் ‘கிராஸ்-என்வ்’ என்ற பிரபலமான பேக்கேஜின் பெயரில் நடுக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு ‘கிராஸ்என்வ்’ என்று ஒன்றை யாரோ என்பிஎம்மில் போட்டார்கள். தவறாக அடித்தவர்களின் என்விரான்மென்ட் வேரியபிள்கள் அனைத்தும் வெளியே போயின. இப்போது இதற்கு ஒரு புது முகம்: ஏஐ உதவியாளர் இல்லாத பேக்கேஜ் பெயரை இருப்பதுபோலவே எழுதித் தருகிறது. அது அடிக்கடி சொல்லும் கற்பனைப் பெயரை ஒருவன் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொண்டால் போதும். ஏஐ எழுதிய இம்போர்ட் வரியை அப்படியே நம்பி இன்ஸ்டால் அடிக்க வேண்டாம். அந்தப் பெயரில் ரெஜிஸ்ட்ரியில் (பேக்கேஜ்கள் வைக்கப்படும் கிடங்கில்) என்ன இருக்கிறது, எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது வழி, நல்ல பேக்கேஜை எழுதியவரின் கணக்கைப் பிடிப்பது. 2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை, நம்மூர் நேரப்படி மாலை 6:46 வாக்கில் சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களின் நஞ்சு கலந்த வெர்ஷன்கள் என்பிஎம்மில் ஏற ஆரம்பித்தன. எல்லாமாகச் சேர்த்து வாரத்துக்கு 200 கோடிக்கு மேல் டவுன்லோடு ஆகிற பேக்கேஜ்கள் அவை. ‘உங்கள் டூ-ஃபேக்டரைப் புதுப்பியுங்கள்’ என்று என்பிஎம் அனுப்பியதுபோல ஒரு மெயில், அதற்கென்றே பதிவு செய்த போலி டொமைன், அவ்வளவுதான் நடந்தது. 2022 மே மாதம் பைதானின் ‘சிடிஎக்ஸ்’ பேக்கேஜுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. எழுதியவரின் மெயில் டொமைன் காலாவதியாகியிருந்தது. அதை வாங்கி, பாஸ்வேர்டு ரீசெட் போட்டு, உள்ளே போய்விட்டார்கள்.

மூன்றாவது, பொறுமையாக வந்து பொறுப்பையே வாங்கிக்கொள்வது. 2018-ல் ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ பேக்கேஜை பராமரிக்க நேரமில்லாத ஆசிரியர், உதவ வந்த புதியவரிடம் ஒப்படைத்தார். அவர் சேர்த்த ஒரு குட்டி டிபெண்டன்சி (ஒரு பேக்கேஜ் சார்ந்திருக்கும் இன்னொரு பேக்கேஜ்), கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்தது. லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் கருவிக்குள் ரகசியக் கதவு வைத்த விவகாரமும் இதே ரகம். 2024 மார்ச் 29-ல் அதை வெளிப்படுத்திய டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தது, எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமானதைக் கவனித்ததால்.

நான்காவது, கம்பெனிக்குள் மட்டும் புழங்கும் பேக்கேஜ் பெயரை வெளி ரெஜிஸ்ட்ரியில் பதிவு செய்வது. ஐந்தாவது, பில்ட் குழாயிலேயே கை வைப்பது. இரண்டையும் அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

2025 செப்டம்பரில் வந்த ‘ஷாய்-ஹுலூத்’ என்ற புழு, அதாவது தானாகவே பரவும் கள்ளப் புரோகிராம், இவற்றில் சிலவற்றைக் கோத்துவிட்டது. ஒரு டெவலப்பர் மெஷினில் ஏறும்; அங்கே கிடைக்கும் என்பிஎம் டோக்கனை எடுத்து, அந்த ஆளின் மற்ற பேக்கேஜ்களிலும் தன்னையே சேர்த்துப் புது வெர்ஷனாக வெளியிடும். இப்படி 500-க்கு மேற்பட்ட பேக்கேஜ்களில் பரவியது.

முதல் வேலை: ஸ்கிரிப்டை நிறுத்துங்கள்

பிராஜெக்ட் ஃபோல்டரில் ‘.என்பிஎம்ஆர்சி’ என்று ஒரு கோப்பு. அதில் ஒரே வரி: ‘இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்=ட்ரூ’. கிட்டில் கமிட் செய்துவிடுங்கள்; டீமில் எல்லோருக்கும், கோடைத் தானாக பில்ட், டெஸ்ட் செய்யும் சிஐ மெஷினுக்கும் ஒரே விதி. ஒவ்வொருவர் ஹோம் டைரக்டரியிலும் இதே வரி இருந்தால் இன்னும் நல்லது.

சேர்ப்பதற்கு முன் என்ன உடையும் என்று பார்த்துவிடுங்கள். எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பூட்டி வைக்கும் லாக் கோப்பைத் திறந்து ‘ஹேஸ்இன்ஸ்டால்ஸ்கிரிப்ட்’ என்று தேடினால், இன்ஸ்டால் நேரத்தில் எதையாவது ஓட்டும் பேக்கேஜ்கள் மட்டும் தனியே தெரியும். ஆயிரம் பேக்கேஜ் உள்ள பிராஜெக்டிலும் இந்தப் பட்டியலைப் பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். பெட்டர்-எஸ்க்யூலைட்3 போல சி++ பகுதி உள்ளவை, பிரவுசரை இறக்கும் பப்பட்டீர், சைப்ரஸ் ஆகியவை அதில் இருக்கும். உண்மையிலேயே தேவைப்படுவதை மட்டும் பெயர் சொல்லி ஓட்டுங்கள்: ‘என்பிஎம் ரீபில்ட் பெட்டர்-எஸ்க்யூலைட்3 --இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்=ஃபால்ஸ்’. கடைசி ஆப்ஷனை விட்டுவிட்டால் ரீபில்ட் எந்த எர்ரரும் காட்டாமல் முடிந்துவிடும், ஆனால் எதுவும் பில்ட் ஆகியிருக்காது. ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று ஆப் கத்தும்போதுதான் தெரியவரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வரி உங்கள் சொந்த பிராஜெக்டின் ‘பிரிப்பேர்’ ஸ்கிரிப்டையும் நிறுத்திவிடும். ஹஸ்கி வைத்து கிட் ஹுக் போடும் டீம்களில் கமிட் சோதனை சத்தமில்லாமல் நின்றுபோகும். ‘என்பிஎம் டெஸ்ட்’ ஓடும். அதற்கு முன் தானாக ஓட வேண்டிய ‘பிரீடெஸ்ட்’ ஓடாது. அவற்றை ‘என்பிஎம் ரன்’ மூலம் வெளிப்படையாக அழைக்கும்படி மாற்றி எழுதுங்கள்.

என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் 10-க்கு மாறினால் இந்தத் தொல்லை பாதி குறையும். டிபெண்டன்சிகளின் ஸ்கிரிப்ட் அங்கே முதலிலிருந்தே நிறுத்தப்பட்டிருக்கும். ‘பிஎன்பிஎம் அப்ரூவ்-பில்ட்ஸ்’ என்று அடித்து வேண்டியதை மட்டும் அனுமதிக்கலாம். புது பிராஜெக்ட் என்றால் யோசிக்காமல் பிஎன்பிஎம்மில் ஆரம்பிக்கலாம் என்பதே எங்கள் கருத்து.

பைதானில் கணக்கு வேறு. ‘வீல்’ வடிவில் வரும் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது தன் கோடு எதையும் ஓட்டாது. சோர்ஸாக வரும் பேக்கேஜோ ‘செட்அப் பிஒய்’ கோப்பை ஓட்டும். எனவே பைதானின் இன்ஸ்டால் கருவியான பிப்பில் ‘பிப் இன்ஸ்டால் --ஒன்லி-பைனரி :ஆல்:’ என்று அடியுங்கள். வீல் இல்லாத பழைய பேக்கேஜ் ஒன்றிரண்டு இடறும். அவற்றைத் தனி மெஷினில் ஒருமுறை வீலாக்கி உங்கள் சொந்த ரெஜிஸ்ட்ரியில் வையுங்கள். ‘ஓட்டிப் பார்க்க வேண்டாம், இறக்கி மட்டும் பார்ப்போம்’ என்று ‘பிப் டவுன்லோடு’ அடிப்பவர்கள் பலர். சோர்ஸ் பேக்கேஜாக இருந்தால், அதன் விவரங்களைப் படிப்பதற்காக பிப் அந்த ‘செட்அப் பிஒய்’ கோப்பை அப்போதும் ஓட்டும். சந்தேகப்பட்ட பேக்கேஜைப் பார்க்கப் போய் அதனிடமே மாட்டிக்கொள்ளும் வழி இது. பிரவுசரில் பைதானின் பொது ரெஜிஸ்ட்ரியான பைபிஐ பக்கத்துக்குப் போய்க் கோப்பை இறக்குங்கள்.

ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. செப்டம்பர் 8 தாக்குதலில் இன்ஸ்டால் ஸ்கிரிப்டே கிடையாது. பேக்கேஜின் முக்கியக் கோப்பிலேயே நஞ்சு இருந்தது. ஆப் பில்ட் ஆகி வாடிக்கையாளரின் பிரவுசரில் ஓடும்போது கிரிப்டோ முகவரியை மாற்றியது. வீலிலும் ‘.பிடிஹெச்’ என்ற கோப்பை வைத்துவிட்டால், அடுத்த முறை பைதான் தொடங்கும்போது, இம்போர்ட் செய்யாமலேயே அது ஓடும். ஆகவே இரண்டாவது பூட்டும் தேவை.

ஏழு நாள் ஆறவிடுங்கள்

செப்டம்பர் 8-ல் ஏறிய கள்ள வெர்ஷன்கள் இரண்டு மணி நேர அளவில் பிடிபட்டுவிட்டன. அதற்கு இரண்டு வாரம் முன்பு ‘என்எக்ஸ்’ பேக்கேஜில் நடந்ததும் சில மணி நேரக் கூத்துதான்: ஆகஸ்ட் 27 அதிகாலை 4 மணிக்கு, சென்னை தூங்கிக்கொண்டிருந்தபோது ஏறி, காலை டீக்குள் இறக்கப்பட்டது. பெரும்பாலான தாக்குதல்கள் இப்படித்தான். ரெஜிஸ்ட்ரியில் ஏறும் ஒவ்வொரு புது வெர்ஷனையும் பல செக்யூரிட்டி நிறுவனங்கள் தானியங்கியாக அலசுகின்றன; அவர்கள் கண்ணில் பட்டு, இறக்கப்படும் வரை நீங்கள் காத்திருந்தால் போதும். ஒரு பைசா செலவில்லாத தடுப்பு இது. எங்கள் பரிந்துரை ஏழு நாள்.

பிஎன்பிஎம் 10.16-லிருந்து ‘மினிமம்ரிலீஸ்ஏஜ்’ என்ற செட்டிங் இருக்கிறது. ‘பிஎன்பிஎம்-ஒர்க்ஸ்பேஸ்’ யாம்ல் கோப்பில் போட வேண்டும். அளவு நிமிடத்தில். ஏழு நாள் என்றால் 10080. நாள் என்று நினைத்து 7 என்று எழுதினால் ஏழே நிமிடம்தான் ஆறும். எந்த எச்சரிக்கையும் வராது. என்பிஎம்முக்கு இன்னொரு மாற்றான யார்னில் இதற்கு ‘என்பிஎம்மினிமல்ஏஜ்கேட்’. பைதானுக்கான யுவியில் ‘எக்ஸ்க்ளூட்-நியூவர்’ என்று ஒரு தேதியைக் கொடுக்கலாம். என்பிஎம்மில் ‘--பிஃபோர்’ ஆப்ஷனுக்கு தேதி கொடுத்தால், அந்தத் தேதிக்குப் பின் வந்தவற்றை அது தொடாது. அப்டேட்டை தானாக எழுப்பும் ரெனோவேட்டில் ‘மினிமம்ரிலீஸ்ஏஜ்’, டிபெண்டபாட்டில் ‘கூல்டவுன்’. டிபெண்டபாட்டின் கூல்டவுன் சாதாரண வெர்ஷன் அப்டேட்டுகளுக்கு மட்டுமே. செக்யூரிட்டி அப்டேட்டை அது தாமதிக்காது. அப்படி இருப்பதுதான் சரியும்கூட.

ஏனென்றால் சில நேரம் ஏழு நாள் காத்திருப்பதே ஆபத்து. 2025 டிசம்பர் 3-ல் ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்ஸில் வெளியான ஓட்டை அப்படிப்பட்டது. ஓரிரு நாளில் உலகம் முழுக்கத் தாக்குதல் தொடங்கிவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் ‘மினிமம்ரிலீஸ்ஏஜ்எக்ஸ்க்ளூட்’ பட்டியலில் அந்த ஒரு பேக்கேஜை மட்டும் சேர்த்து ஏற்றிவிட்டு, மறுவாரம் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கும் ஒரு டிக்கெட் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் பட்டியல் நீண்டு, தடுப்பு பெயருக்குத்தான் மிஞ்சும்.

ஆறவிடுவது எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. எக்ஸ்இஸட் 5.6.0 பிடிபட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஈவென்ட்-ஸ்ட்ரீமுக்கும் ஒரு மாதத்துக்கு மேல்.

லாக் கோப்பு: யாரும் படிக்காத பத்தாயிரம் வரி

சிஐயில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ இருக்கக்கூடாது. ‘என்பிஎம் சிஐ’ மட்டும். முன்னது லாக் கோப்பு ஒத்துவரவில்லை என்றால் அதை மாற்றி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பின்னது நின்றுவிடும். நிற்பதுதான் நமக்கு வேண்டும்.

டாக்கர்ஃபைலையும் பைப்லைன் கோப்பையும் திறந்து, ‘என்பிஎக்ஸ்’ என்றும் ‘இன்ஸ்டால் -ஜி’ என்றும் தேடுங்கள். வெர்ஷன் எண் இல்லாத ‘என்பிஎக்ஸ்’ ஒவ்வொன்றும் லாக் கோப்புக்கு வெளியே நிற்கக்கூடும். பிராஜெக்டில் அந்தப் பேக்கேஜ் இல்லாவிட்டால், அன்று புதிதாக என்ன இருக்கிறதோ அதை இறக்கி ஓட்டும். மெயின் டிபெண்டன்சிகளை எல்லாம் ஒழுங்காகப் பூட்டிவிட்டு, டிப்ளாய் கருவியை மட்டும் இப்படித் திறந்துவிட்டிருக்கும் பைப்லைன்கள் நிறைய. அந்த ஸ்டெப்பில்தான் புரொடக்ஷன் கீயும் இருக்கும் என்பது கூடுதல் அழகு.

புல் ரிக்வெஸ்டில் லாக் கோப்பின் மாற்றத்தை கிட்ஹப் சுருட்டி வைத்துக் காட்டும். ரிவ்யூ செய்பவர் விரிப்பதில்லை. விரித்தால் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, மூன்றே இடம். ‘ரிசால்வ்டு’ வரியில் இருக்கும் முகவரி உங்கள் ரெஜிஸ்ட்ரியுடையதுதானா? வேறு டொமைனோ, நேரடி கிட் முகவரியோ இருந்தால் காரணம் கேளுங்கள். கிட் முகவரியிலிருந்து வரும் டிபெண்டன்சி தன் ‘பிரிப்பேர்’ ஸ்கிரிப்டையும் ஓட்டக்கூடியது. அடுத்து, வெர்ஷன் எண் மாறாமல் ‘இன்டெக்ரிட்டி’ வரியில் உள்ள ஷா512 ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்றது) மட்டும் மாறியிருக்கிறதா? ஒரே வெர்ஷனுக்கு இரண்டு ஹேஷ் வர நியாயமில்லை; மெர்ஜை நிறுத்திவிட்டு விசாரியுங்கள். மூன்றாவது, ‘ஹேஸ்இன்ஸ்டால்ஸ்கிரிப்ட்’ புதிதாக முளைத்திருக்கிறதா? நேற்று வரை ஸ்கிரிப்ட் இல்லாத பேக்கேஜுக்கு ஒரு பேட்ச் வெர்ஷனில் ஸ்கிரிப்ட் வந்திருந்தால், அது நம்பும்படியான விஷயம் இல்லை. முகவரிச் சோதனையை ‘லாக்ஃபைல்-லின்ட்’ தானாகவே செய்யும். சிஐயில் ஒரு வரி.

பைதான்காரர்களுக்கு: ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ‘==’ போட்டால் மேல்தட்டு மட்டுமே பூட்டப்படும்; அடியில் வருபவை அன்றன்றைக்கு மாறும். ‘பிப்-கம்பைல் --ஜெனரேட்-ஹேஷஸ்’ கொண்டு முழுப் பட்டியலையும் எழுதி, ‘பிப் இன்ஸ்டால் --ரிக்வயர்-ஹேஷஸ்’ என்று நிறுவுங்கள். யுவியில் ‘யுவி சிங்க் --லாக்டு’ என்பதே போதும்.

‘என்பிஎம் ஆடிட்’ ஓட்டுகிறோமே என்பார்கள். தெரிந்த ஓட்டைகளுக்கு அது சரி. கள்ளப் பேக்கேஜ் அதன் பட்டியலில் வரும் நேரத்தில் உங்கள் மெஷினில் ஏற்கெனவே ஓடி முடித்திருக்கும். அதைவிட மோசம், ‘ஆடிட் ஃபிக்ஸ் --ஃபோர்ஸ்’ அடிக்கும் பழக்கம். பெரிய வெர்ஷன் தாவல்களையும் கேட்காமல் செய்துவிடும். விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பெயர், வெளிப் பெயர்

2021 பிப்ரவரியில் வெளியான தன் ஆய்வுக்காக அலெக்ஸ் பிர்சான் என்பவர் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் போன்ற நிறுவனங்களின் உள் பேக்கேஜ் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயரில் பெரிய வெர்ஷன் எண்ணோடு வெளி ரெஜிஸ்ட்ரியில் வைத்தார். அவர்களின் மெஷின்கள் உள்ளே இருப்பதை விட்டுவிட்டு வெளியே இருப்பதை இறக்கின. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச்சின் நைட்லி பில்டை இறக்கியவர்களுக்கும் இதேதான்: ‘டார்ச்ட்ரைட்டன்’ என்ற அவர்களது துணைப் பேக்கேஜின் பெயரில் பைபிஐயில் ஒரு கள்ளன் உட்கார்ந்திருந்தான்.

பிப்பில் காரணம் ‘--எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யுஆர்எல்’. ‘முதலில் எங்கள் சர்வர், இல்லாவிட்டால் பைபிஐ’ என்று பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். பிப்புக்கு அப்படி வரிசையே கிடையாது. இரண்டு இடத்திலும் பார்த்து, எது பெரிய வெர்ஷனோ அதை எடுக்கும். எனவே அந்த ஆப்ஷனையே தூக்கிவிட்டு, ‘--இண்டெக்ஸ்-யுஆர்எல்’ ஒன்றை மட்டும் வையுங்கள். அது டெவ்பை, நெக்ஸஸ் போன்ற உங்கள் சொந்த ரெஜிஸ்ட்ரி சர்வரைக் காட்டட்டும், பைபிஐயை அந்த சர்வர் ப்ராக்ஸி செய்யட்டும். உள் பெயர்களை வெளியிலிருந்து எடுக்கக்கூடாது என்று அந்த சர்வரிலேயே விதி எழுதுங்கள். என்பிஎம்மில் இன்னும் எளிது: உள் பேக்கேஜ் எல்லாம் ‘@கம்பெனிபெயர்’ என்ற ஸ்கோப்பில் இருக்கட்டும், அந்த ஸ்கோப்பை உங்கள் ரெஜிஸ்ட்ரிக்கு ‘.என்பிஎம்ஆர்சி’யில் கட்டிவிடுங்கள், அதே பெயரை வெளி என்பிஎம்மிலும் ஆர்கனைசேஷனாகப் பதிவு செய்துவிடுங்கள்.

புதிய பேக்கேஜைத் திறந்து பார்ப்பது

முதலில் ‘என்பிஎம் வியூ பெயர் டைம்’. எந்த வெர்ஷன் எப்போது வந்தது என்று வரிசையாகக் காட்டும். நான்கு வருடம் அசையாமல் கிடந்த பேக்கேஜ் நேற்று ராத்திரி திடீரென்று புது வெர்ஷன் விட்டிருந்தால் நிதானியுங்கள். ‘என்பிஎம் வியூ பெயர் ஸ்கிரிப்ட்ஸ்’ அடுத்தது.

பிறகு ‘என்பிஎம் பேக் பெயர்@வெர்ஷன்’. ரெஜிஸ்ட்ரியில் உள்ள கட்டை அப்படியே இறக்கும், எதையும் ஓட்டாது. ‘டார் -எக்ஸ்இஸட்எஃப்’ போட்டுப் பிரித்து எடிட்டரில் திறங்கள். திறக்கும்போது விஎஸ் கோட் ‘இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். வேர்ட் ராப்பை ஆன் செய்யுங்கள். இது முக்கியம், ஏனென்றால் சாதாரண வரி ஒன்றின் முடிவில் சில நூறு ஸ்பேஸ் விட்டு, திரைக்கு வலப்புறம் வெகுதூரத்தில் கள்ளக் கோடை வைப்பது பழகிய தந்திரம். ராப் இல்லாவிட்டால் கண்ணில் படவே படாது.

தேட வேண்டிய சொற்கள்: ‘சைல்டு_ப்ராசஸ்’, ‘ஈவால்’, ‘பேஸ்64’, ‘ப்ராசஸ்.என்வ்’ முழுவதையும் ஒரே பொருளாக எடுக்கும் வரி, ‘.எஸ்எஸ்ஹெச்’, ‘.ஏடபிள்யூஎஸ்’, ‘.என்பிஎம்ஆர்சி’, டிஸ்கார்டு வெப்ஹுக், டெலிகிராம் பாட் முகவரி. தேதியை வடிவமைக்கும் பேக்கேஜுக்கு டெலிகிராமில் என்ன வேலை?

ஏற்கெனவே பயன்படுத்தும் பேக்கேஜின் அப்டேட் என்றால் முழுதும் படிக்க வேண்டாம். ‘என்பிஎம் டிஃப் --டிஃப்=சாக்@5.6.0 --டிஃப்=சாக்@5.6.2’ என்பதுபோல இரண்டு வெர்ஷன்களை ஒப்பிடுங்கள். இது ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் கட்டுகளையே ஒப்பிடுகிறது; கிட்ஹப்பில் டேக்குகளை ஒப்பிடுவது அதற்கு ஈடாகாது. கிட்டில் சுத்தமாக இருக்கும் கோடு கட்டிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எக்ஸ்இஸட்டில் கதவைத் திறந்த எம்4 கோப்பு வெளியிட்ட கட்டில் (டார்பாலில்) இருந்தது, கிட்டில் இல்லை. நடுவில் விட்டுப்போன சாக் 5.6.1-தான் செப்டம்பர் 8-ன் கள்ள வெர்ஷன், டீபக்கில் 4.4.2.

‘என்பிஎம் ஆடிட் சிக்னேச்சர்ஸ்’ ஓட்டினால் கையெழுத்தும், எந்த ரெப்போவில் எந்த ஒர்க்ஃப்ளோவில் பில்ட் ஆனது என்ற சான்றும் சரிபார்க்கப்படும். அந்தச் சான்றை அளவோடு நம்புங்கள். 2024 டிசம்பரில் அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற பைதான் பேக்கேஜின் 8.3.41, 8.3.42 வெர்ஷன்கள் அந்த பிராஜெக்டின் சொந்த கிட்ஹப் ஒர்க்ஃப்ளோ வழியாகவே, கிரிப்டோ மைனரைச் சுமந்துகொண்டு வந்தன. எங்கே சமைத்தது என்று சான்று சொல்லும். சமையலில் என்ன விழுந்தது என்று சொல்லாது.

இதோடு சேர்த்து, வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லிங்க்ட்இன்னில் ரெக்ரூட்டர் வருவார். சம்பளம் நன்றாக இருக்கும். ‘இந்த ரெப்போவை ஓட்டி ஒரு பக் சரிசெய்து காட்டுங்கள், இன்று மாலைக்குள்’ என்பார். வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் கும்பல்கள் சில வருடங்களாகவே டெவலப்பர்களை இப்படிக் குறிவைக்கின்றன. இன்ஸ்டால் அடிக்கத் தேவையே இல்லாமல், ஃபோல்டரைத் திறந்து நம்பிக்கை கொடுத்ததுமே ‘டாஸ்க்ஸ்’ ஜேசன் கோப்பு வழியாக ஓடும்படியும் வைக்கிறார்கள். இன்டர்வியூ கோடை ஆபீஸ் லேப்டாப்பில் ஒருபோதும் திறக்காதீர்கள். கிட்ஹப் கோட்ஸ்பேஸிலோ, தூக்கியெறியும் விர்ச்சுவல் மெஷினிலோ ஓட்டுங்கள்.

திருட எதுவும் இல்லாத மெஷின்

மேலே சொன்ன எல்லாம் தோற்றாலும் நஷ்டம் சிறிதாக இருக்க, இன்ஸ்டால் ஓடும் இடத்தில் சாவி எதுவும் இருக்கக்கூடாது. டெவ் கன்டெய்னரில் வேலை செய்யுங்கள். ஆனால் ஹோம் டைரக்டரியையும் டாக்கர் சாக்கெட்டையும் அதற்குள் மவுன்ட் செய்யாதீர்கள். விஎஸ் கோட் உங்கள் எஸ்எஸ்ஹெச் ஏஜென்டையும் கிட் கிரெடென்ஷியலையும் தானாகவே கன்டெய்னருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது பலருக்குத் தெரியாது. பூட்டின வீட்டுக்குள் சாவிக்கொத்தையும் எறிந்த கதைதான். ஏடபிள்யூஎஸ்ஸுக்கு நிரந்தர கீ வேண்டாம், சில மணி நேரத்தில் காலாவதியாகும் எஸ்எஸ்ஓ லாகின் போதும். என்பிஎம் டோக்கன் தேவைப்பட்டால் படிக்க மட்டும் உரிமையுள்ளது.

கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். இன்ஸ்டாலும் டெஸ்டும் நடக்கும் ஜாபில் ‘பெர்மிஷன்ஸ்: கன்டென்ட்ஸ்: ரீட்’, சீக்ரெட் ஒன்றுகூட இல்லை. அங்கே உருவானதை மட்டும் டிப்ளாய் ஜாப் எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஜாப் எதையும் இன்ஸ்டால் செய்யக்கூடாது. பிறர் எழுதிய ஆக்ஷன்களை ‘வி4’ என்று டேகால் அழைக்காமல், 40 எழுத்து கமிட் ஹேஷால் அழையுங்கள். 2025 மார்ச்சில் ‘டிஜே-ஆக்ஷன்ஸ்/சேஞ்ச்டு-ஃபைல்ஸ்’ விவகாரத்தில் இருந்த டேகுகளையே கள்ள கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அதை அழைத்த ரெப்போக்களின் சீக்ரெட்கள் பில்ட் லாகில் (பில்ட் ஓடிய பதிவில்) அச்சாயின. நல்ல கமிட்டின் ஹேஷைப் பிடித்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாட்டிவிட்டால்

பேக்கேஜை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு நிம்மதியாவது எல்லோரும் முதலில் செய்யும் தவறு. ஓட வேண்டியது ஓடிவிட்டது. கோப்பை அழிப்பதால் போன சாவி திரும்பாது.

முதலில் உண்மையிலேயே இறங்கியதா என்று பாருங்கள். ‘என்பிஎம் எல்எஸ் பெயர் --ஆல்’ இப்போதைய நிலையை மட்டும் காட்டும். எல்லா பிராஞ்சின் லாக் கோப்பிலும், சிஐ லாகிலும், பழைய டாக்கர் இமேஜிலும் அந்த வெர்ஷன் எண்ணைத் தேடுங்கள். அறிவிப்புகளில் நேரம் யுடிசியில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். இதில் சறுக்கி ‘நாம் அந்த நேரத்தில் பில்டே ஓட்டவில்லை’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ராத்திரி பில்டை மறந்துவிடாதீர்கள்.

இறங்கியிருந்தால், அந்த மெஷினை அணையுங்கள். டோக்கன்களை ரத்து செய்வது அதற்குப் பிறகு, வேறு மெஷினிலிருந்து. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: 2025 நவம்பரில் வந்த ஷாய்-ஹுலூத்தின் இரண்டாம் அலை, பயன்படுத்த டோக்கன் எதுவும் கிடைக்காவிட்டால் ஹோம் டைரக்டரியையே அழிக்க முயன்றது. அணைத்த பிறகு கிட்ஹப், என்பிஎம், கிளவுட், எஸ்எஸ்ஹெச், டேட்டாபேஸ், அந்த மெஷினில் இருந்த ஏஐ கருவிகளின் ஏபிஐ கீ என்று எல்லாவற்றையும் மாற்றுங்கள். டிஸ்க்கின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுங்கள்.

கிட்ஹப் கணக்கில் நீங்கள் உருவாக்காத பப்ளிக் ரெப்போ இருக்கிறதா, திடீரென்று பிரைவேட்டிலிருந்து பப்ளிக் ஆனது ஏதும் உண்டா, ‘.கிட்ஹப்/ஒர்க்ஃப்ளோஸ்’ ஃபோல்டரில் புதுக் கோப்பு முளைத்ததா, தெரியாத செல்ஃப்-ஹோஸ்டட் ரன்னர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் புழு விட்டுச்செல்லும் தடங்கள் இவை. நீங்களே பேக்கேஜ் வெளியிடுபவர் என்றால் உங்கள் பெயரில் ஏறிய கடைசி வெர்ஷன்களையும் சரிபாருங்கள்.

சட்டப்படியும் ஒரு கடமை உண்டு. 2022 ஏப்ரல் 28-ல் வந்த மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவின்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணமில்லாத எண் 1800-11-4949. லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். சிஐ லாகை 30 நாளில் அழிக்கும் செட்டிங்கை இன்றே மாற்றுங்கள். கிளையன்டுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். முழு விவரமும் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல், தெரிந்ததை மட்டும் எழுதி முதல் மெயிலை அனுப்புங்கள்.

சுத்தம் செய்யும்போது எல்லோரும் விட்டுவிடும் இடம் உங்கள் சொந்த ப்ராக்ஸி. என்பிஎம் கள்ள வெர்ஷனைத் தன் பக்கம் எடுத்துவிட்டாலும், வெர்டாச்சியோவோ நெக்ஸஸோ தன்னிடம் சேமித்த நகலைக் கேட்பவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அங்கிருந்து அந்த வெர்ஷனை அழியுங்கள், தடைப் பட்டியலில் சேருங்கள். பிறகு ஒவ்வொரு மெஷினிலும் ‘என்பிஎம் கேஷ் கிளீன் --ஃபோர்ஸ்’, பிஎன்பிஎம் என்றால் அதன் ஸ்டோர், சிஐயில் சேமித்த கேஷ், டாக்கர் லேயர் கேஷ். கடைசியாக ‘நோட்_மாட்யூல்ஸ்’ ஃபோல்டரை அழித்து, கள்ள வெர்ஷனுக்கு முந்தைய லாக் கோப்பை கிட்டிலிருந்து மீட்டு, ‘என்பிஎம் சிஐ’ ஓட்டுங்கள்.